செம்பருத்தியில் வெள்ளைப் பொடி
வீட்டுச் செடிகளில் பூச்சியை விரட்டுவது எப்படி?

திருவனந்தபுரத்தில் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. தோட்டம் போட இடம் குறைவு. ஆனாலும் செடி இல்லாத வீடு அபூர்வம். வாசலில் துளசி இருக்கும். மதில் ஓரத்தில் செம்பருத்தி இருக்கும். மொட்டை மாடியில் பழைய சாக்கில் மிளகாயும் கத்தரியும் இருக்கும். கறிவேப்பிலைக்கு என்று ஒரு பெரிய தொட்டி இருக்கும்.

இந்தச் செடிகளைப் பூச்சி தாக்கினால் என்ன செய்வது? பல வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"அத்தை, இந்தச் செம்பருத்தி இலைக்கு அடியில பாருங்க. சுண்ணாம்பு தடவின மாதிரி இருக்கு."

"நானும் நாலு நாளா பாக்கேன் மக்களே. துடைச்சா போகுது. பிறகும் வருது."

"மிளகாய்ச் செடியிலயும் ஏறிட்டு. சாலைக் கடைத்தெருவுல போய் ஏதாவது மருந்து வாங்கிட்டு வரட்டா?"

"என்ன மருந்துன்னு தெரியாம வாங்காத. அந்த மிளகாயைத்தானே நாளைக்குக் குழம்புல போடணும்?"

அத்தை கேட்டது நல்ல கேள்வி. செடியைக் காப்பாற்ற வேண்டும். அதைச் சாப்பிடும் நம்மையும் காப்பாற்ற வேண்டும். இரண்டும் முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

1. இந்தப் பூச்சி எங்கிருந்து வந்தது?

அந்த வெள்ளைப் பொடிக்குக் காரணம் ஒரு சிறு பூச்சி. அதன் பெயர் சுருள் வெள்ளை ஈ. பெயர்தான் ஈ. உண்மையில் இது ஈ வகை அல்ல. செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. இதன் நீளம் 2 மில்லிமீட்டர்தான். தாய்ப் பூச்சி இலையின் அடிப்பக்கத்தில் முட்டை இடும். முட்டையைச் சுற்றி வெள்ளை மெழுகைச் சுருள் சுருளாகப் பூசும். பார்ப்பதற்குக் கைரேகை போல இருக்கும். அதனால்தான் இந்தப் பெயர்.

இது நம் நாட்டுப் பூச்சி அல்ல. இதன் சொந்த ஊர் மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும். இந்தியாவில் இதை முதன் முதலில் பார்த்தது எங்கே தெரியுமா? இதே திருவனந்தபுரத்தில்தான். ஆண்டு 1993. மரச்சீனிச் செடியில் இதைக் கண்டார்கள். தமிழ்நாட்டில் பலர் மரச்சீனியை மரவள்ளி என்பார்கள்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியம் என்ற இடம் இருக்கிறது. அங்கே மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் இயங்குகிறது. மரச்சீனியைப் பற்றி ஆராயும் அந்த நிலையத்தின் அறிவியலாளர்கள் இந்தப் பூச்சியைப் பற்றி எழுதினார்கள்.

பூச்சி மரச்சீனியோடு நிற்கவில்லை. கொய்யா, பப்பாளி, செம்பருத்தி, மிளகாய், கத்தரி, வாழை என்று பரவியது. சில ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் போய்விட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட வகைச் செடிகளில் இது வாழும்.

கடல் தாண்டி இது எப்படி வந்தது? இத்தனை சிறிய பூச்சி தானாகக் கடல் கடக்காது. இப்படிப்பட்ட பூச்சிகள் பெரும்பாலும் செடியோடும் பழத்தோடும்தான் பயணம் செய்கின்றன. இலையின் அடியில் முட்டை இருந்தால் யார் கண்ணிலும் படாது.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. புதுச் செடியோ கம்போ வாங்கி வந்தால், உடனே மற்றச் செடிகளோடு வைக்காதீர்கள். இரண்டு வாரம் தனியாக வையுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சி இல்லை என்று உறுதியானபின் சேர்த்து வையுங்கள்.

2. எந்தப் பூச்சி என்று கண்டுபிடிப்போம்

நோய் தெரிந்தால்தான் மருந்து தெரியும். ஆகவே முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சிகள் பெரும்பாலும் இலையின் அடியில்தான் ஒளிந்திருக்கும்.

வெள்ளை ஈ: செடியை அசைத்தால் சிறு வெள்ளைப் பூச்சிகள் பறக்கும். இலையின் அடியில் வெள்ளைப் பொடி இருக்கும்.

மாவுப்பூச்சி: பஞ்சை ஒட்டி வைத்தது போல இருக்கும். இலைக் காம்பிலும் தண்டின் மடிப்பிலும் கூட்டமாக இருக்கும். பறக்காது. செம்பருத்தியிலும் பப்பாளியிலும் அதிகம்.

அசுவினி: இதைச் செடிப்பேன் என்றும் சொல்வார்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும். கொழுந்திலும் மொட்டிலும் மொய்க்கும். பயறுக் கொடியில் கறுப்பாக அப்பிக் கிடப்பது இதுதான்.

செதில் பூச்சி: தண்டில் சிறு பொக்குப் போல ஒட்டியிருக்கும். அசையாது. நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும்.

சிவப்புச் சிலந்திப் பேன்: கண்ணுக்கு எளிதில் தெரியாது. இலை மேல் மஞ்சள் புள்ளிகள் விழும். அடியில் மெல்லிய நூலாம்படை இருக்கும். வெயில் காலத்தில் ரோஜாவிலும் கத்தரியிலும் வரும்.

இலையைத் தின்னும் புழு: கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். அது பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கலாம். இதற்கு மருந்தே வேண்டாம். கையால் எடுத்துவிட்டால் போதும்.

திருவனந்தபுரத்தில் ஜூன் மாதத்தில் ஒரு மழைக் காலம் தொடங்கும். அக்டோபர், நவம்பரில் இன்னொரு மழை வரும். கனமழை இந்தச் சிறு பூச்சிகளை அடித்துக் கழுவிவிடும். மழை நின்ற பிறகு, ஜனவரி முதல் மே வரை, இவை பெருகும். அந்த மாதங்களில் வாரம் ஒரு முறை செடிகளைப் பார்க்க வேண்டும்.

3. எறும்பு எதற்கு வருகிறது?

செடியில் எறும்பு வரிசை போகிறதா? அப்படியானால் அங்கே சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கலாம்.

இந்தப் பூச்சிகள் சாற்றை அதிகமாகக் குடிக்கும். மீதியை இனிப்பு நீராக வெளியே விடும. அது கீழே உள்ள இலைகளில் பிசுபிசு என்று ஒட்டும். அந்த இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது. சும்மா வருவதில்லை. பூச்சிக்குக் காவலும் இருக்கும். பூச்சியைத் தின்ன வரும் வண்டுகளைக் கடித்து விரட்டும். சில எறும்புகள் பூச்சியைத் தூக்கிக்கொண்டு போய் வேறு கொழுந்தில் விடும்.

அந்த இனிப்பு நீரில் ஒரு கறுப்புப் பூஞ்சணம் வளரும். இலை கரி பூசியது போல ஆகும். இலைக்கு வெயில் கிடைக்காது. வெயில் இல்லாமல் இலை உணவு தயாரிக்க முடியாது. செடி மெலிந்து போகும்.

ஆகவே எறும்பையும் தடுக்க வேண்டும். ஒரு பழைய தட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் ஒரு கல் வைத்து அதன்மேல் தொட்டியை வையுங்கள். எறும்பு தண்ணீரைத் தாண்டாது. தட்டுத் தண்ணீரை வாரம் இரண்டு முறை கொட்டி மாற்ற வேண்டும். இல்லையென்றால் கொசு முட்டை இடும். செடியைக் காப்பாற்றப் போய் வீட்டுக்குக் காய்ச்சலை அழைத்து வரக் கூடாது.

4. நமக்கு உதவும் பூச்சிகள்

எல்லாப் பூச்சியும் பகை அல்ல. பொறிவண்டைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி இருக்கும். அதுவும் அதன் புழுவும் அசுவினியைத் தின்னும். சிலந்தியும் பல்லியும் பூச்சி பிடிக்கும். குளவிகளில் சில வகை, கடுகைவிடச் சிறியவை. அவை பகைப் பூச்சியின் உடலில் முட்டை இடும். குஞ்சு உள்ளே இருந்தே அந்தப் பூச்சியைத் தின்றுவிடும்.

சுருள் வெள்ளை ஈயின் கதையிலும் இதுதான் நடந்தது. 1978-இல் அது ஹவாய்த் தீவுகளுக்குப் போனது. அங்கே கரீபியப் பகுதியிலிருந்து அதன் எதிரிப் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பூச்சி குறைந்தது.

நம் நாட்டில் வேறு மாதிரி நடந்தது. 1990-களின் இறுதியில், கேரளத்திலும் லட்சத்தீவுகளிலும் வெள்ளை ஈயின் குஞ்சுகளில் சிறு துளைகள் தெரிந்தன. என்கார்சியா என்ற மிகச் சிறு குளவி அவற்றைக் கொன்றிருந்தது. யாரும் திட்டமிட்டு அதைக் கொண்டு வரவில்லை. பகைப் பூச்சி வந்த வழியிலேயே அதன் எதிரியும் வந்து சேர்ந்தது. அதன் பிறகு பல இடங்களில் சுருள் வெள்ளை ஈ தானாகவே குறைந்தது.

பப்பாளி மாவுப்பூச்சியின் கதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் காணப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் அழிந்தன. விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்தார்கள். பூச்சி அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அதன் எதிரிக் குளவியைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். வளர்த்துத் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கடும் விஷம் அடித்தால் பகைப் பூச்சி மட்டும் சாகாது. பொறிவண்டும் குளவியும் முதலில் சாகும். பகைப் பூச்சியின் உடலில் மெழுகு இருக்கிறது. மருந்து நீர் எளிதில் ஒட்டாது. அதில் சில தப்பிவிடும். தின்ன ஆள் இல்லாததால் முன்னைவிட அதிகமாகப் பெருகும்.

5. மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

முதல் வேலை தண்ணீர் அடிப்பது. குழாய் நீரை இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சுங்கள். அசுவினியும் சிலந்திப் பேனும் உதிரும். காலையில் செய்யுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை செய்யுங்கள்.

இரண்டாவது துடைப்பது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைச் சோப்பு நீரில் நனைத்து மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் தேய்த்து எடுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

மூன்றாவது வெட்டுவது. பூச்சி நிறைந்த கிளையை வெட்டி எடுங்கள். அதைத் தெருவிலோ பக்கத்துக் காலி மனையிலோ வீசாதீர்கள். பூச்சி அடுத்த வீட்டுச் செடிக்குப் போகும். அங்கிருந்து உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும். வெட்டியதைச் சோப்பு நீர் வாளியில் முக்கி வையுங்கள். பிறகு குழியில் போட்டு மூடுங்கள்.

நான்காவது மஞ்சள் பொறி. வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறம் பிடிக்கும். ஒரு தகரத்துக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, விளக்கெண்ணெய் தடவிச் செடியின் உயரத்தில் தொங்க விடுங்கள். பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு முறை துடைத்து மறுபடி எண்ணெய் தடவுங்கள்.

இன்னொன்றும் உண்டு. யூரியா போன்ற உரத்தை அளவுக்கு மேல் போடாதீர்கள். செடி தளதள என்று வளரும். கொழுந்து மெத்தென்று இருக்கும். பூச்சிக்கு அதுதான் விருந்து.

6. வேப்பெண்ணெய்–பூண்டுக் கரைசல்

இவ்வளவு செய்தும் பூச்சி குறையவில்லையா? இந்தக் கரைசலைத் தயாரியுங்கள். கேரளத்தில் வேளாண்மைத் துறையினர் வீட்டுத் தோட்டங்களுக்குச் சொல்லித் தரும் முறை இது.

1 லிட்டர் கரைசலுக்குத் தேவையானவை:

வேப்பெண்ணெய் – 20 மில்லி லிட்டர்
பூண்டு – 20 கிராம்
பார் சோப்பு – 5 கிராம்
தண்ணீர் – 1 லிட்டர்

அளப்பது எப்படி? சிறிய தேக்கரண்டியில் 5 மில்லி பிடிக்கும். 4 கரண்டி எடுத்தால் 20 மில்லி. 100 கிராம் பூண்டு வாங்கி 5 பங்கு வையுங்கள். ஒரு பங்கு 20 கிராம். 100 கிராம் சோப்புக் கட்டியை 20 துண்டாக நறுக்குங்கள். ஒரு துண்டு 5 கிராம்.

செய்முறை:

(1) சோப்புத் துண்டைச் சீவி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள்.
(2) அதில் வேப்பெண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். பால் போல வெளுக்கும்.
(3) பூண்டை அரைத்துத் தண்ணீரில் கலந்து துணியில் வடிகட்டுங்கள்.
(4) எல்லாவற்றையும் சேர்த்து, 1 லிட்டர் வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள்.
(5) மறுபடி வடிகட்டித் தெளிப்பானில் ஊற்றுங்கள்.

சோப்பு எதற்கு? எண்ணெயும் தண்ணீரும் தானாகக் கலக்காது. சோப்பு அவற்றைச் சேர்த்து வைக்கும். பூச்சியின் மெழுகையும் கரைக்கும். வேப்பெண்ணெய் எதற்கு? பூச்சிக்கு உடலின் பக்கங்களில் மூச்சுத் துளைகள் உண்டு. எண்ணெய் அவற்றை அடைக்கும். வேம்பின் கசப்புச் சத்து பூச்சியைத் தின்ன விடாது. வளரவும் விடாது. பூண்டின் வாடையும் பூச்சிக்குப் பிடிக்காது.

தெளிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

முதலில் இரண்டு இலையில் மட்டும் தெளியுங்கள். ஒரு நாள் பொறுங்கள். இலை கருகவில்லை என்றால் முழுச் செடிக்கும் தெளிக்கலாம்.

மாலையில் தெளியுங்கள். நல்ல வெயிலில் தெளித்தால் இலை கருகும். வேம்பின் சத்தும் வெயிலில் கெடும். மாலையில் தேனீக்களும் கூட்டுக்குத் திரும்பியிருக்கும்.

இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். மேலே மட்டும் தெளித்தால் பயன் இல்லை.

ஒரு முறை தெளித்தால் போதாது. முட்டைகள் தப்பிவிடும். 7 நாள் கழித்து மறுபடி தெளியுங்கள். மூன்று முறை தெளித்துப் பாருங்கள்.

அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். சோப்புப் பொடி சேர்க்காதீர்கள். அது இலையைக் கருக்கும். காயும் கறிவேப்பிலையும் பறித்தபின் நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

வேப்பெண்ணெய் இயற்கைப் பொருள்தான். ஆனாலும் குழந்தைகள் அதைக் குடித்தால் ஆபத்து. எட்டாத உயரத்தில் வையுங்கள்.

7. விஷத்தை வீட்டுக்குள் கொண்டு வரலாமா?

நாம் ஏன் மாடியில் கறிவேப்பிலை வளர்க்கிறோம்? கடைக் கறிவேப்பிலையில் மருந்து இருக்குமோ என்ற பயம் ஒரு காரணம். பயத்துக்கு அர்த்தம் உண்டு. வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியின் ஆய்வகம் சந்தைக் காய்கறிகளைச் சோதித்து வந்திருக்கிறது. கறிவேப்பிலையில் பலமுறை மருந்தின் எச்சம் காணப்பட்டது. அந்த விஷத்துக்குப் பயந்து வீட்டில் செடி வைத்தோம். அதே விஷத்தை வீட்டுச் செடியில் அடித்தால் என்ன லாபம்?

கேரளத்தின் வடகோடியில் காசர்கோடு இருக்கிறது. அங்கே முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் என்ற மருந்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டரில் இருந்து தெளித்தார்கள். சுற்றியிருந்த ஊர்களில் பல குடும்பங்கள் நோயால் துன்பப்பட்டன. 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது.

வீட்டில் மருந்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வரலாம். அப்போது புட்டியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். திருவனந்தபுரத்துக் கடையில் புட்டியின் மேல் ஆங்கிலமும் மலையாளமும் இருக்கலாம். எழுத்து பொடியாக இருக்கலாம். ஆனால் நிறத்தை எல்லோரும் படிக்கலாம். எல்லாப் பூச்சி மருந்துப் புட்டியிலும் ஒரு நிற அடையாளம் இருக்கும்.

சிவப்பு – மிகக் கடும் விஷம்
மஞ்சள் – கடும் விஷம்
நீலம் – நடுத்தர விஷம்
பச்சை – குறைந்த விஷம்

பச்சை என்றால் விஷமே இல்லை என்று பொருள் அல்ல. குறைவு என்றுதான் பொருள். சிவப்பும் மஞ்சளும் உள்ள புட்டி வீட்டுக்குள் வரவே கூடாது.

மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை அதைக் குடிக்கும் பானம் என்று நினைக்கும். வீட்டில் விஷத்தால் நடக்கும் பல விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன.

யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் 108-க்குப் போன் செய்யுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மருந்துப் புட்டியையும் கூடவே எடுத்துப் போங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால் டாக்டருக்குச் சிகிச்சை எளிது. கட்டாயப்படுத்தி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

8. யாரிடம் கேட்கலாம்?

கேரளத்தில் பஞ்சாயத்துதோறும் கிருஷி பவன் இருக்கிறது. நகரத்திலும் இருக்கிறது. பூச்சி பிடித்த இலையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள அலுவலர் பார்த்துச் சொல்வார். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். இலையைக் காட்டினால் போதும். தமிழ்நாட்டில் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கலாம்.

ஸ்ரீகாரியம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இன்னொரு நல்ல வேலையும் செய்திருக்கிறது. மரச்சீனி இலையில் இயற்கையாகவே ஒரு நச்சு உண்டு. வீணாகப் போகும் அந்த இலையிலிருந்து பூச்சி மருந்து தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். நன்மா, மேன்மா, ஸ்ரேயா என்று அவற்றுக்குப் பெயர். இந்தியாவில் வெள்ளை ஈ முதலில் வந்து இறங்கிய செடி மரச்சீனி. அதே செடியின் இலை இன்று வேறு பூச்சிகளை விரட்ட உதவுகிறது.

நினைவில் வைப்போம்

இலையைத் திருப்பிப் பார்ப்போம்.
முதலில் தண்ணீர். பிறகு கை. அதன் பிறகுதான் கரைசல்.
எறும்பைத் தடுப்போம். பொறிவண்டைக் காப்போம்.
புதுச் செடியை இரண்டு வாரம் தனியே வைப்போம்.
புட்டியின் நிறத்தைப் படிப்போம்.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.
1. சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் எந்த ஊரில், எந்த ஆண்டில் காணப்பட்டது?
2. செடியில் எறும்பு ஏன் ஏறுகிறது?
3. கரைசலை ஏன் மாலையில் தெளிக்க வேண்டும்?
4. மிகக் கடும் விஷத்துக்கு என்ன நிறம்?

ஆ. கணக்குப் போடுங்கள்.
1 லிட்டர் கரைசலுக்கு 20 மில்லி வேப்பெண்ணெய் வேண்டும். 3 லிட்டருக்கு எத்தனை மில்லி? எத்தனை தேக்கரண்டி?

இ. செய்து பாருங்கள்.
உங்கள் வீட்டுச் செடிகளில் பத்து இலைகளைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை இலையில் பூச்சி இருக்கிறது? என்ன பூச்சி? நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த வாரம் அதே நாளில் மறுபடி எண்ணுங்கள். கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

ஈ. பேசுங்கள்.
உங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே பூச்சி இருந்தால், ஒரு வீட்டில் மட்டும் விரட்டினால் போதுமா? எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் என்ன செய்யலாம்?